தேன்சிட்டின் கணக்கும் தீனித்தட்டின் எச்சமும்

கேள்வி: ஒரு தேன்சிட்டு நாலு நாளாக ஒரே பூச்செடிக் கூட்டத்தைக் காவல் காத்து, வந்த சிட்டுகளையெல்லாம் துரத்தியது. பூக்கள் இன்னும் அதிகமாக மலர்ந்ததும் துரத்துவதையே விட்டுவிட்டது. அலுத்துப்போய்விட்டதா?

பதில்: அலுப்பு இல்லை, வரவு செலவுக் கணக்கு. ஃபிராங்க் கில், லாரி உல்ஃப் இருவரும் கென்யாவில் பொன்சிறகுத் தேன்சிட்டுகளை ஆராய்ந்து 1975இல் வெளியிட்ட எண்களைப் பாருங்கள். சும்மா உட்கார்ந்திருக்க மணிக்கு 400 கலோரி, தேன் குடிக்க 1,000, எல்லையைக் காக்க 3,000. (இவை சிறு கலோரிகள், ஆயிரம் சேர்ந்தால்தான் உணவுப் பொட்டலத்தில் போட்டிருக்கும் ஒரு கிலோ கலோரி.)

காவல் இல்லாத பூவில் 2 மைக்ரோலிட்டர் தேன் இருந்தால், அன்றைய தேவைக்கு 4 மணி நேரம் மேய வேண்டும். காவல் காத்து அதை 3 ஆக உயர்த்தினால் 2.7 மணி நேரம் போதும். மிச்சமாகும் 1.3 மணி நேரம் உட்கார்ந்திருந்தால் லாபம் 780 கலோரி. துரத்தலுக்கு ஒரு நாளில் 0.28 மணி நேரம் போகிறது. சும்மா உட்கார்ந்திருப்பதைவிட அதற்குக் கூடுதலாகும் செலவு 728. ஆக, மிஞ்சுவது வெறும் 52!

இதே கணக்கைப் பூக்கள் செழித்த நாளுக்குப் போடுங்கள். காவல் இல்லாமலே 4 மைக்ரோலிட்டர் இருக்கிறது, காத்தால் 6 ஆகும். அப்போது மிச்சம் 400 கலோரிதான், செலவோ அதே 728. உங்கள் சிட்டு நிறுத்தியது சரிதான். பூ அருகிப்போனாலும் இதே முடிவுதான் வரும், காக்க அங்கே ஒன்றும் இருக்காது. காவல் என்பது இந்த இரண்டுக்கும் நடுவில் மட்டுமே கட்டுப்படியாகும்.

கேள்வி: தானியம் வைத்த தட்டில் மட்டும் பறவைகள் ஏன் நெருக்கியடித்துத் தின்கின்றன?

பதில்: குவியலாக, தீராமல் கிடக்கும் இரைக்குப் பங்காளிகள் அதிகம். ஒன்றைத் துரத்தும் நேரத்தில் நாலு வந்து தின்றுவிடும், எல்லை குலைந்துவிடுகிறது. பார்க்க அழகுதான், ஆனால் ஆபத்தும் அங்கேதான். தனித்தனியே மேய்கிற பறவை இன்னொன்றின் எச்சத்தில் வாய் வைப்பது அரிது. தட்டில் அது நொடிக்கு நொடி நடக்கிறது, சால்மோனெல்லா என்ற நோய் பரப்பும் பாக்டீரியா பரவ அது போதும்.

ஒரே பெரிய தட்டுக்குப் பதில், தள்ளித் தள்ளிச் சிறு தட்டுகள் வையுங்கள். அன்றே தீரும் அளவு மட்டும் போடுங்கள். கழுவும்போது எச்சத்தை முதலில் சுரண்டி, சோப்பு நீரில் தேய்த்துவிட்டு, 1 பங்கு ப்ளீச்சுக்கு 9 பங்கு தண்ணீர் கலந்து 10 நிமிடம் ஊறவிடுங்கள். பிறகு நன்றாக அலசி, முழுக்கக் காயவிட்டுத்தான் மறுபடி நிரப்ப வேண்டும். பலரும் நேராக ப்ளீச்சில் போட்டுவிடுகிறார்கள். அழுக்கு மிச்சமிருந்தால் ப்ளீச்சில் உள்ள குளோரின் அதிலேயே செலவாகிவிடும், பாக்டீரியா பிழைத்துக்கொள்ளும். கையுறை அவசியம், சமையலறைத் தொட்டியில் கழுவ வேண்டாம். இறகைச் சிலிர்த்துக்கொண்டு, ஆள் வந்தாலும் பறக்காமல் ஒரு பறவை உட்கார்ந்திருந்தால், குறைந்தது இரண்டு வாரம் தீனியை நிறுத்திவிடுங்கள்.

கேள்வி: காய்ந்த தானியத்தில் பாக்டீரியா தானாகவே செத்துவிடாதா?

பதில்: பெருகாது என்பது வேறு, செத்துவிடும் என்பது வேறு. உணவில் நுண்ணுயிருக்குக் கிடைக்கக்கூடிய ஈரத்தை 0 முதல் 1 வரையிலான நீர்ச்செயல்பாட்டு எண்ணால் குறிப்பார்கள். சால்மோனெல்லா பெருக ஏறத்தாழ 0.94 வேண்டும், ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்ற இன்னொரு பாக்டீரியா 0.86 வரை சமாளிக்கும். காய்ந்த தானியம் இதற்கெல்லாம் வெகு கீழே. ஆனாலும் சால்மோனெல்லா அதில் மாதக்கணக்கில் முடங்கிக் கிடக்கும். உலர்ந்த நிலையில் சூட்டையும் கூடுதலாகத் தாங்கும். ஒரு மழையில் நனைந்தால் போதும், விழித்துக்கொள்ளும். நனைந்த தீனியைக் காயவைத்து மறுபடி போடும் சிக்கனம் வேண்டாம்.

கேள்வி: கல்லூரி ஆய்வுக்காகத் தட்டுத் தானியத்தை அரைத்து சால்மோனெல்லாவுக்கான அகரில் (பாக்டீரியா வளர்க்கும் கூழ்) நேரடியாகப் பூசினேன். ஒரு காலனிகூட (கண்ணுக்குத் தெரியும் பாக்டீரியாத் திட்டு) வரவில்லை. மாதிரி சுத்தம் என்று எழுதலாமா?

பதில்: எழுதாதீர்கள். வறட்சியில் அடிபட்ட செல்களுக்கு அந்த அகரில் உள்ள பித்த உப்பே எமன். முதலில் தேற்றிவிட வேண்டும்: 25 கிராம் மாதிரியை 225 மில்லி பஃபர் பெப்டோன் நீர் என்ற சத்து நீரில் போட்டு, 37 டிகிரி செல்சியஸில் 18 மணி நேரம் வையுங்கள். அதற்குப் பிறகுதான், மற்ற பாக்டீரியாவைத் தடுத்துத் தேடுவதை மட்டும் வளரவிடும் தேர்வு ஊடகம். இப்படிச் செய்தால் 'உண்டு, இல்லை' என்று மட்டுமே சொல்ல முடியும். எண்ணிக்கை சொல்ல முடியாது, ஏனென்றால் நீங்களே பெருக்கிவிட்டீர்கள். சால்மோனெல்லா தேடப் பயன்படும் எக்ஸ்.எல்.டி. அகரில் கறுப்பு மையமுள்ள சிவப்புக் காலனி வந்தாலும் அது சந்தேகம்தான், உறுதிச் சோதனை தனி. உயிரியல் பாதுகாப்புள்ள ஆய்வகம் இல்லாவிட்டால் இதைத் தொடவே வேண்டாம்.

மொத்த பாக்டீரியா எண்ணிக்கை வேண்டுமென்றால் தனியாக 10 கிராம் எடுத்து, நீர்க்கப் பயன்படும் திரவம் 90 மில்லியில் கலந்து, பத்துப் பத்து மடங்காக நீர்த்துக்கொண்டே போங்கள். 30 முதல் 300 காலனி உள்ள அகர்த் தட்டை மட்டும் எண்ணுங்கள். ஆயிரம் மடங்கு நீர்த்த குழாயிலிருந்து 0.1 மில்லி பூசி 62 காலனி வந்தால், கிராமுக்கு 6,20,000. ஒவ்வொரு படிக்கும் பிப்பெட் முனையை மாற்றுங்கள். ஒரே முனையை வைத்து ஓட்டினால் முந்தைய குழாயின் செல்கள் ஒட்டி வந்து எண்ணிக்கையை ஏற்றிவிடும்.