வேதத்தில் உள்ளபடி மட்டும் சபை நடத்துவது என்றால் என்ன?

வழிபாடு எப்படி, மூப்பர் யார், ஞானஸ்நானமும் திருவிருந்தும் எவ்விதம் என்பவற்றை பைபிளை மட்டும், குறிப்பாகப் புதிய ஏற்பாட்டை, வைத்துத் தீர்மானிப்பது. பரம்பரை வழக்கமோ திருச்சபைத் தலைவர்கள் கூடி எடுக்கும் சங்கத் தீர்மானமோ அதற்கு மேலே போகாது.

ஏன் இந்தப் பிடிவாதம்? யாழ்ப்பாணத்தில் வேலிச் சண்டை தெரியாதவர் யார்! ஒவ்வொரு முறை வேலி அடைக்கும்போதும் கதியால், அதாவது வேலிக்கு நடும் தடி, கொஞ்சம் அரக்கும். பிறகு, “அப்பு காலத்திலயிருந்து இதுதான் எல்லை” என்பார்கள். கடைசியில் காணி உறுதியை எடுத்துத்தான் பார்க்க வேண்டும். சபை வழக்கமும் அப்படி நகர்ந்துவிடும் என்பதே வேதப்படி மட்டும் சபை நடத்துவோரின் பயம்.

ஆனால் வாசிப்பில்தான் சிக்கல். வேதம் விலக்காததை வைத்திருக்கலாம் என்றார் சீர்திருத்தவாதி லூதர். கட்டளையிடாததை வழிபாட்டில் சேர்க்காதே என்றது இன்னொரு சீர்திருத்தவாதியான கல்வின் வழி மரபு. எபேசியர் 5:19 பாடச் சொல்கிறது, வாத்தியம் பற்றிப் பேசவில்லை. அதனால் ‘கிறிஸ்துவின் சபை’ என்ற பெயரில் இயங்கும் சபைகள் பலவற்றில் இன்றும் வாத்தியமில்லை. 1816இல் தெல்லிப்பழைக்கும் அடுத்த ஆண்டு வட்டுக்கோட்டைக்கும் வந்த அமெரிக்க மிஷனரிகளும் கல்வின் வழி மரபில் வந்தவர்களே. கத்தோலிக்கரோ 2 தெசலோனிக்கேயர் 2:15ஐக் காட்டி, வாய்வழி மரபும் வேண்டும் என்பார்கள். அந்த வாதத்தை இலேசாகத் தள்ளிவிட முடியாது என்பது என் எண்ணம்.

“அப்படியென்றால் மைக், மின்விசிறி, கதிரை எதுவும் கூடாதா?” என்று பலர் கேட்பதுண்டு, அவை வசதிகள் மட்டுமே, இந்தக் கொள்கை பேசுவது வழிபாட்டுச் செயல்களையும் அவற்றை முடிவுசெய்யும் அதிகாரத்தையும் பற்றித்தான்.