கையில் வாங்கிய சம்பளம்: சட்டம் படிக்கப் போகிறவர்களின் கேள்விகள்

தென்னாப்பிரிக்காவில், டர்பனில் அட்டர்னியாக (வழக்கறிஞராக) இருக்கிறேன். சட்டம் படிக்கப் போகும் பிள்ளைகளும் பெற்றோரும் கேட்டவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

அக்கா, சாட்ஸ்வர்த்தில் ஒரு துணிக்கடையில் சனிக்கிழமைதோறும் வேலை பார்த்தேன். சம்பளம் கையில்தான், சீட்டு கிடையாது. எல்.எல்.பி.க்குப் போடும்போது சொல்லணுமா?

எல்.எல்.பி. சேர்க்கைக்கு முக்கியமாகப் பார்ப்பது மெட்ரிக் (இங்கே பன்னிரண்டாம் வகுப்பு) மதிப்பெண்தான். வேலையைப் பற்றிக் கேட்காத இடத்தில் நீயாகச் சொல்ல வேண்டியதில்லை. கேட்டிருந்தால் உள்ளபடி எழுது. காசாகச் சம்பளம் வாங்கியது குற்றம் இல்லை, தங்கச்சி. மாதம் 24 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்பவரை யு.ஐ.எஃப். என்ற வேலையின்மைக் காப்பீட்டு நிதியில் பதிவது முதலாளியின் கடமை. வரியும் அப்படித்தான், பிடிக்க வேண்டியிருந்தால் அவர்தான் பிடித்திருக்க வேண்டும். 2024-25 வரியாண்டில் 65 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு 95,750 ராண்ட் வரை வருமான வரியே கிடையாது. சனிக்கிழமைச் சம்பளம் மட்டும் அந்த அளவைத் தொடாது.

பெரிய சோதனை படிப்புக்கு அப்புறம் வருகிறது. 2014ஆம் ஆண்டுச் சட்டத்தொழில் சட்டப்படி, இந்தத் தொழிலுக்குத் தகுந்த, நேர்மையான ஆள் நீ என்று உயர் நீதிமன்றத்துக்குத் திருப்தி ஏற்பட வேண்டும். பிரமாணப் பத்திரத்தில் கையெழுத்துப் போடும் அன்று, முன்பு எழுதிக் கொடுத்த எதுவும் அதற்கு முரணாக நிற்கக் கூடாது. கடையில் வேலை பார்த்ததற்காக யாரும் உன்னைத் தடுக்க மாட்டார்கள். பொய் சொல்லியிருந்தால் தடுப்பார்கள்.

டோங்காட்டில் டியூஷன் எடுக்கிறேன். வரி இல்லாத அந்த வரம்புக்கு மேலேயே சம்பாதித்தேன், வரித்துறையான சார்ஸுக்குக் கணக்குக் காட்டவில்லை. இப்போது சட்டம் படிக்க ஆசை.

உங்கள் நிலைமை வேறு. இங்கே கணக்குக் காட்ட வேண்டியவர் நீங்களேதான். சார்ஸிடம் தாமாக முன்வந்து சொல்பவர்களுக்கென்று ஒரு திட்டம் இருக்கிறது. விட்டுப்போனதை முழுதாகச் சொல்ல வேண்டும். வரியும் வட்டியும் கட்டித்தான் ஆக வேண்டும், ஆனால் அபராதம் குறையும், குற்ற வழக்கும் வராது. தணிக்கை நோட்டீஸ் வந்த பிறகு போனால் பொதுவாக அந்த வழி அடைபட்டுவிடும். விண்ணப்பத்துக்கு முன்பே ஒரு வரி ஆலோசகரைப் பாருங்கள். தீர்த்துவிட்ட பழைய தவறைப் பின்னால் நீதிமன்றத்தில் தைரியமாகச் சொல்லலாம்.

அப்பா சந்தையில் காய்கறி விற்கிறார். அந்தக் காசை என்.எஸ்.எஃப்.ஏ.எஸ். (அரசு மாணவர் உதவித்தொகை) படிவத்தில் விட்டுவிடலாமா?

வேண்டாம். வரம்பு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 3,50,000 ராண்ட். அப்பாவின் வியாபாரத்தையும் சேர்த்துக் கூட்டிப் பாருங்கள், பல வீடுகள் அப்போதும் உள்ளேதான் இருக்கும். உதவித்தொகைக்காக எழுதும் பொய் சனிக்கிழமைச் சம்பளத்தைவிடப் பல மடங்கு கனமானது.

பழைய முதலாளி அனுபவக் கடிதம் தர மறுக்கிறார். சி.வி.யில் எப்படிப் போடுவது?

கடிதத்தை நீங்களே தயாரிக்காதீர்கள், அது போலி ஆவணம். என்ன வேலை, எந்த மாதத்திலிருந்து எந்த மாதம் வரை என்று எழுதி, "சம்பளம் ரொக்கமாக, சீட்டு இல்லை" என்று சேருங்கள். ஷிப்ட் பற்றிய வாட்ஸ்அப் செய்திகளைப் பத்திரமாக வையுங்கள். கூட வேலை பார்த்தவர் ஒருவர் சம்மதித்தால் அவர் பெயரைக் கொடுங்கள்.