டிஎஸ்சியில் 180 வந்தால் 130-ல் உலர்த்தலாமா?

மணலி நண்பரே, டிஎஸ்சியில் (பொருளைச் சூடாக்கி, அது வெப்பத்தை வாங்குகிறதா வெளியிடுகிறதா என்று அளக்கும் சோதனை) பொருளின் சிதைவு 180 டிகிரியில்தான் தொடங்குகிறது, 130-ல் உலர்த்தலாமா என்று கேட்டிருக்கீங்க. அவசரப்படாதீங்க. நிமிடத்துக்கு 10 டிகிரி வேகத்தில் ஓட்டினால் தொடக்கம் மேலே தள்ளித்தான் தெரியும். 2 டிகிரியில் ஓட்டுங்க, கீழே இறங்கும். மூடியில் ஓட்டை போட்ட அலுமினியக் கிண்ணமும் வேண்டாம். ஆவி வெளியேறும்போது வெப்பத்தையும் வாங்கிக்கொண்டு போய், சிதைவை மறைத்துவிடும். தங்கமுலாம் பூசிய உயர் அழுத்தக் கிண்ணத்தில் 3 மில்லிகிராம் போதும். ஓட்டைக் கிண்ணத்தில் ஓட்டும்போது வரைபடத்தில் 100 டிகிரியை ஒட்டி வரும் பள்ளம், பொருள் ஈரம் இழுக்கும் ரகமானால், நம்மூர் கடற்காற்றின் வேலையாக இருக்கலாம். டெசிகேட்டரிலிருந்து (ஈரம் புகாத பாத்திரம்) எடுத்தவுடன் எடை போடுங்க.

அடுத்து, மூடிய கிண்ணத்தை 130-ல் 8 மணி நேரம் வைத்து, ஆறவிட்டு, மறுபடி ஓட்டுங்க. தொடக்கம் கீழே நகர்ந்தாலோ மொத்த வெப்பம் குறைந்தாலோ, பொருள் அங்கேயே சிதைய ஆரம்பித்துவிட்டது. மாறாவிட்டாலும், டிரையரில் 200 கிலோ குவியலுக்குள் சூடு வெளியேற வழியில்லை. ஏஆர்சி சோதனை (சூடு வெளியேறாத நிலையில் பொருள் தானாக எப்படிச் சூடேறுகிறது என்று பார்ப்பது) முடியாமல் டிரையரில் ஏற்றாதீங்க.