கருப்பு வெள்ளை பிரிண்டில் பச்சைச் சாயல்

வணக்கம். கண்காட்சிக்கான உங்கள் இரவுத் தெருப் படங்கள் திரையில் சுத்தமான கருப்பு வெள்ளையாகத் தெரிந்தும், லேபில் பிரிண்ட் போட்டு வந்ததும் பச்சையடிக்கின்றன, நிழல் பகுதிகள் விவரம் தெரியாமல் ஒரே கருப்பாக அடைத்துக்கொள்கின்றன என்கிறீர்கள். இரண்டும் வேறு வேறு கோளாறு.

சாதாரண கலர் லேப் தாளில் கருப்புச் சாயம் என்று தனியாக ஒன்று கிடையாது. சயான், மஜெந்தா, மஞ்சள் மூன்றும் கலந்துதான் சாம்பல் வருகிறது. கெமிக்கல் கொஞ்சம் பிசகினாலும் சாயல் ஏறிவிடும். அங்கேயே திரும்பப் போடச் சொல்லிச் சண்டை பிடிக்காதீர்கள், வீண். கருப்போடு சாம்பல் மைகளும் உள்ள பிக்மென்ட் இங்க்ஜெட் பிரிண்டர் (நிறமித் துகள் மையைத் தெளித்து அச்சடிப்பது, எப்சன் பி900 மாதிரி) வைத்திருப்பவரைத் தேடுங்கள். எப்சன் என்றால், அதில் கருப்பு வெள்ளைக்கென்றே உள்ள 'அட்வான்ஸ்டு பிளாக் அண்ட் ஒயிட்' முறையில் போடச் சொல்லுங்கள். தாள் பரைட்டா (பேரியம் சல்பேட் பூச்சுள்ள தாள்). பளபளப்பில்லாத மேட் தாளும் அழகுதான், ஆனால் அதில் கருப்பு அவ்வளவு ஆழமாக இறங்காது. உங்கள் இரவுத் தெருப் படங்களுக்கு ஒத்துவராது.

நிழல் அடைப்பதற்குப் பெரும்பாலும் திரையின் அதிக வெளிச்சம்தான் காரணம்; அதில் தெளிவாகத் தெரியும் நிழல் தாளில் இருண்டுவிடும். திரை வெளிச்சத்தைச் சதுர மீட்டருக்கு 100 கேண்டெலா (வெளிச்ச அலகு) அளவுக்குக் குறைத்துக்கொள்ளுங்கள். அளக்கக் கருவி இல்லையென்றால், நல்ல வெளிச்சத்தில் பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாளை வைத்து, திரையின் வெள்ளை அதற்கு ஈடாகத் தெரியும்வரை இறக்குங்கள். அப்புறம் படத்தைப் பாருங்கள், எடிட்டிங் மென்பொருளின் கர்வ்ஸில் (வெளிச்ச அளவுகளை மாற்றும் கருவி) எதைத் தூக்க வேண்டும் என்று தானே தெரியும்.

பெரிய அளவில் போடுமுன், தலைமுடியும் இருட்டு மூலையும் வரும் ஒரு துண்டை மட்டும், நிழலை மூன்று விதமாகத் தூக்கி, ஏ4 தாளில் எடுத்து, கண்காட்சிக் கூடத்து விளக்கின் கீழேயே பார்த்து முடிவு செய்யுங்கள்.