ஆங்கில இலக்கணம் ஏன் லத்தீன் இலக்கணத்தைப் பின்பற்றி எழுதப்பட்டது?

பெயர்ச்சொற்கள் பெரிதும் உருமாறாத ஆங்கிலத்துக்கு விளி வேற்றுமை வரை ஏன் கற்பித்தார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். பள்ளியில் அந்த வேற்றுமைகளை மனப்பாடம் செய்த நாளில் எனக்கும் இதே ஐயம் எழுந்தது. பிற்காலத்தில் பழைய இங்கிலாந்துப் பாடநூல்களை நான் தேடிப் படித்ததற்கு அதுவே காரணம்.

16ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் இலக்கணம் என்றாலே லத்தீன் இலக்கணம்தான். லண்டனில் ஜான் காலெட் நிறுவிய செயின்ட் பால்ஸ் பள்ளியின் முதல் தலைமையாசிரியர் வில்லியம் லில்லி. அவர் 1522இல் மறைந்த பிறகு, அவரும் காலெட்டும் டச்சு அறிஞர் எராஸ்மஸும் எழுதியவற்றை அடிப்படையாகக் கொண்டு தொகுக்கப்பட்ட இலக்கணத்தையே எல்லாப் பள்ளிகளும் பயன்படுத்த வேண்டும் என்று 1540களின் தொடக்கத்தில் எட்டாம் ஹென்றி ஆணையிட்டார். அதன் முதற்பகுதி ஆங்கிலத்தில் இருந்தது. உடைமைப் பொருளுக்கு ‘ஆஃப்’, கொடைப் பொருளுக்கு ‘டு’, விளிக்கு ‘ஓ’ என்று ஒவ்வொரு லத்தீன் வேற்றுமையையும் இனங்காண அது ஆங்கில அடையாளச் சொற்களைத் தந்தது. லத்தீனைப் புரியவைக்க வந்த இந்த அடையாளங்களே நாளடைவில் ஆங்கிலத்தின் சொந்த வேற்றுமைகளாகக் கொள்ளப்பட்டன என்பது என் கருத்து.

1586இல் வெளியான வில்லியம் புல்லோகரின் சிறுநூலே அச்சில் வந்த முதல் ஆங்கில இலக்கணம். அது லில்லியின் வழியிலேயே நடக்கிறது. இதற்காக அவரைக் குறைகூற எனக்கு மனம் வரவில்லை. ஒழுங்கற்ற பேச்சு என்று எண்ணப்பட்ட தம் தாய்மொழிக்கும் விதிகள் உண்டு என்று காட்ட விரும்பியவருக்கு, கைக்கெட்டிய ஒரே முன்மாதிரி அதுதான்.

இந்தப் பிடியைத் துணிந்து உதறியவர் ஆக்ஸ்ஃபர்டின் வடிவியல் பேராசிரியரும், முடிவிலிக் குறியீட்டை அறிமுகப்படுத்தியவருமான ஜான் வாலிஸ். லத்தீனில் வேற்றுமைகள் செய்யும் வேலையை ஆங்கிலத்தில் ‘ஆஃப்’, ‘டு’ போன்ற முன்னிடைச் சொற்கள் செய்துவிடுகின்றன. ஆகவே வேற்றுமை, பால் பற்றிய விதிகளை அதன்மேல் சுமத்துவது வீண் என்று அவர் 1653இல் வாதிட்டார். ஆனால், பிறநாட்டாரும் படிக்க வேண்டும் என்பதால் அந்த நூலை அவர் லத்தீனிலேயே எழுதினார். தன்மைக்கு ‘ஷல்’, முன்னிலைக்கும் படர்க்கைக்கும் ‘வில்’ என்று நம் பள்ளிகள் நெடுங்காலம் மனப்பாடம் செய்வித்த எதிர்கால விதியும் அதே நூலில்தான் இருக்கிறது.