அம்மாவுக்குப் படுக்கையில் புரண்டாலே தலைசுற்றுகிறது. டாக்டரிடம் காட்ட வேண்டுமா?

அம்மாவுக்கு 58 வயது, படுக்கையில் புரண்டாலும் எழுந்தாலும் தலை சுற்றுகிறது, கொஞ்ச நேரத்தில் நின்றுவிடுகிறது, ஊரில் எல்லோரும் பித்தம் என்கிறார்கள், என்ன செய்யலாம் என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் டாக்டர் இல்லை. மதுரை செல்லூர்ப் பக்கம் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். "தம்பி, கிறுகிறுன்னு வருது, ஒரு மாத்திரை குடு" என்று யாராவது வந்து நிற்காத நாளே கிடையாது. சித்திரை வெயிலில் கேட்கவே வேண்டாம். வருகிறவர்களிடம் எப்படிச் சுற்றுகிறது என்று நான் கேட்பதில்லை. காலையில் ஒரு மாதிரி சொல்வார்கள், சாயங்காலம் வேறு மாதிரி சொல்வார்கள். என்ன செய்யும்போது வருகிறது, எவ்வளவு நேரம் நிற்கிறது, கூட வேறு என்ன இருக்கிறது என்று கேட்டால் பதில் தெளிவாக வரும். டாக்டருக்கும் அதுதான் வேண்டும்.

நீங்கள் சொல்வதைப் பார்த்தால் உங்கள் அம்மாவுக்குப் பெரும்பாலும் காதில்தான் பிரச்சினை. உட்காதில் மூன்று அரைவட்டக் குழாய்கள் இருக்கின்றன, உள்ளே நீர் இருக்கும். தலை எந்தப் பக்கம் திரும்புகிறது என்று மூளைக்குச் சொல்வது அவைதான். பக்கத்து அறையில் ஒட்டியிருக்கும் கோலமாவு மாதிரியான கால்சியம் துகள்கள் சில சமயம் பிய்ந்து அந்தக் குழாய்க்குள் போய்விடும். தலையை அசைத்து நிறுத்திய பிறகும் அவை உருண்டுகொண்டே இருப்பதால், இன்னும் சுற்றுகிறது என்று மூளைக்குத் தப்பான செய்தி போகும். ஒரு நிமிடத்துக்குள் அடங்கிவிடும். பரணில் இருந்து பாத்திரம் எடுக்க அண்ணாந்தாலும் வரும். டாக்டர் சீட்டில் பி.பி.பி.வி. என்று எழுதுவார்கள்.

எங்கள் அத்தைக்கு இதேதான். காது மூக்கு தொண்டை டாக்டர் கட்டிலில் உட்கார வைத்து, தலையை ஒரு பக்கமாகத் திருப்பிப் பிடித்து, தலை விளிம்புக்கு வெளியே கொஞ்சம் தொங்கும்படி சட்டென்று மல்லாக்கச் சாய்த்தார். "ஐயோ, கட்டிலோட கவுறுதே" என்று அத்தை என் சட்டையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். டாக்டர் அவர் கண்ணை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தார். கருவிழி ஒரு பக்கமாகத் துடிப்பது எனக்கே தெரிந்தது. அப்புறம் தலையை மறுபக்கம் திருப்பி, உடம்போடு ஒருக்களிக்க வைத்து, ஒவ்வொரு நிலையிலும் அரை நிமிடம் போல நிறுத்தி, மெதுவாக உட்கார வைத்தார். இதற்கு எப்ளி முறை என்று பெயர். ஜான் எப்ளி என்ற அமெரிக்க டாக்டர் கண்டுபிடித்தது. துகள்களை வந்த வழியே திருப்பி அனுப்புவதுதான் வைத்தியம். ஸ்கேன் தேவைப்படவில்லை. திரும்ப வரக்கூடிய விஷயம்தான், அத்தைக்கும் வந்தது, மறுபடி போய்ச் செய்துகொண்டார். யூடியூப் பார்த்து நாமே செய்யலாமா என்று கேட்பீர்கள். முதல் தடவை வேண்டாம். எந்தக் காது என்று தெரிய வேண்டும், அது பி.பி.பி.வி.தானா என்றும் தெரிய வேண்டும்.

படுத்துப் புரளும்போது ஒன்றும் இல்லாமல், எழுந்து நின்றால் மட்டும் கண் இருட்டுகிறது என்றால் கதை வேறு. அது பிரஷர் இறங்குவதாக இருக்கலாம். எழுந்து மூன்று நிமிடத்துக்குள் மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 குறைந்தால் கணக்கில் எடுக்க வேண்டியதுதான். தண்ணீர் போதாமை, வயிற்றுப்போக்கு, பிரஷர் மாத்திரை, புராஸ்டேட் மாத்திரை என்று காரணங்கள் பல. ஒரு பெரியவர் மஞ்சள் பையைக் கவிழ்த்து இரண்டு அட்டைகளைக் காட்டினார். வேறு வேறு டாக்டர், வேறு வேறு கம்பெனிப் பெயர், இரண்டுமே ஆம்லோடிபின் என்ற அதே பிரஷர் மாத்திரை. இரண்டையும் தினமும் போட்டுக்கொண்டிருந்தார். அட்டைகளோடு டாக்டரிடம் அனுப்பினேன். நீங்களாக எதையும் நிறுத்திவிடக் கூடாது.

சர்க்கரைக்கு மாத்திரையோ ஊசியோ போட்டுவிட்டு ஆடி வெள்ளி விரதம் என்று சாப்பிடாமல் இருந்தால் வியர்த்து, கை நடுங்கி, தலை கிறங்கும். அளந்து பார்த்து 70-க்குக் கீழே இருந்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலக்கிக் குடித்துவிட்டு, 15 நிமிடம் கழித்து மறுபடி அளக்க வேண்டும். பெண்களுக்கு ஹீமோகுளோபின் 12-க்குக் கீழே இருக்கிறதா என்றும் பார்த்துவிடுவது நல்லது. கழுத்து எலும்பு தேய்மானம் என்று எக்ஸ்ரேயைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்களும் உண்டு. ஐம்பது தாண்டினால் அந்தத் தேய்மானம் பெரும்பாலோருக்கு இருக்கும். தலைசுற்றலுக்கு அதுதான் காரணம் என்று அதை வைத்து முடிவு கட்ட முடியாது.

விற்கிறவனே சொல்கிறேன்: தலைசுற்றலுக்குக் கொடுக்கும் சின்னரிசின், புரோகுளோர்பெரசின் போன்ற மாத்திரைகள் சில நாளுக்குத்தான். மாதக்கணக்கில் போட்டால் வயதானவர்களுக்குக் கை நடுக்கமும் நடை மந்தமும் வந்துவிடும். உங்கள் அம்மாவுக்குக் காதுத் துகள்தான் என்றால் அந்தத் துகளை இவை நகர்த்தவும் செய்யாது.

இனி, யோசிக்கவே கூடாத நேரங்கள். திடீரென்று தலை சுற்றி, பேச்சு குழறுகிறது, வாய் கோணுகிறது, ஒரு பக்கக் கை கால் விழுகிறது, எல்லாம் இரண்டாகத் தெரிகிறது, இதுவரை வராத தலைவலி வருகிறது என்றால் 108-ஐக் கூப்பிடுங்கள். கை கால் நன்றாக அசைந்தும் பிடிக்காமல் நிற்கவே முடியவில்லை என்றாலும் அப்படித்தான், பக்கவாதம் சிறுமூளையில் அப்படியும் வரும். ரத்தக்கட்டைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். கோரிப்பாளையம் பெரியாஸ்பத்திரியோ, ஸ்கேன் வசதி உள்ள வேறு பெரிய மருத்துவமனையோ, நேராக அங்கே போங்கள். எலுமிச்சை ஜூஸ் கொடுத்துப் படுக்க வைத்துப் பார்க்கும் வேலை வேண்டாம். நெஞ்சுவலி, படபடப்பு, நினைவு தப்புதல், தலையில் அடிபட்ட பிறகு வரும் சுற்றல், கறுப்பாக மலம் போவது, இவற்றுக்கும் அன்றே ஆஸ்பத்திரிதான். ஒரு காது திடீரென்று கேட்காமல் போனால் அன்றோ மறுநாளோ காது டாக்டரைப் பார்த்துவிட வேண்டும், தள்ளிப்போட்டால் கேட்கும் திறன் திரும்புவது கஷ்டம்.

அம்மாவுக்கு இதெல்லாம் எதுவும் இல்லை என்றால் இந்த வாரத்துக்குள் காது மூக்கு தொண்டை டாக்டரிடம் காட்டுங்கள். சுற்றும் நேரத்தில் முடிந்தால் அவர் கண்ணைச் செல்போனில் வீடியோ எடுத்து வையுங்கள், டாக்டருக்கு உதவும். அதுவரை ராத்திரி எழுந்தால் கட்டில் விளிம்பில் ஒரு நிமிடம் உட்கார்ந்து, லைட் போட்டுவிட்டு நடக்கச் சொல்லுங்கள். ஸ்டூல் மேல் ஏற விடாதீர்கள். போகும்போது சாப்பிடுகிற மாத்திரை அட்டை எல்லாவற்றையும் கையோடு எடுத்துப் போங்கள், பெயரை நினைவில் இருந்து சொன்னால் பாதி தப்பாகத்தான் வரும்.