ஸெயமி என்றே எழுதுங்கள்

அன்புள்ள ஐயா,

ஜப்பானிய நோ நாடகம் பற்றி ஆங்கிலத்தில் ஆய்வேடு எழுதுகிறேன். அதன் ஆசிரியர்களில் ஒருவரான ஸெயமி மோட்டோகியோவை முதல்முறை முழுப்பெயரில் சொல்லிவிட்டு, பிறகு ‘மோட்டோகியோ’ என்றே எழுதினேன். ஆங்கிலத்தில் பின்னால் வருவதுதானே குடும்பப்பெயர்? படித்துப் பார்த்தவர் எல்லாவற்றையும் அடித்துவிட்டார். பழைய நூலொன்றில் அவர் பெயர் இசட்டில் இல்லாமல் எஸ்ஸில் தொடங்குகிறது. நாடகாசிரியர் சிக்கமத்சுவுக்கும் இதே குழப்பம். அபாஸ்டிரபி எங்கே போடுவது? பெயரில் என்ன இருக்கிறது என்று விட்டுவிடலாமா?

எம்.

அன்புள்ள எம்.,

அடித்தவர் சரியாகத்தான் அடித்திருக்கிறார். முதலில் ஸெயமி மோட்டோகியோ, அப்புறம் வெறும் ஸெயமி. சிக்கமத்சு மொன்ஸாயெமோனுக்கும் முன்பாதிதான். ஹைக்கூ கவிஞர் மத்சுவோ பாஷோவுக்கு மட்டும் பின்பாதி. அபாஸ்டிரபிக்கு இலக்கணப் புத்தகம் இருக்கிறது.

கடைசி வரிதான் எனக்குக் கோபமூட்டியது. ஒருவரைப் பற்றி ஆய்வேடே எழுதுகிறீர்கள், அவர் பெயருக்கு என்ன பொருள் என்று பார்க்க ஒரு மாலைப் பொழுது கிடைக்கவில்லையா?

மோட்டோகியோ அவருடைய சொந்தப் பெயர். மகன்கள் மோட்டோமஸா, மோட்டோயோஷி. தம்பி மகன் மோட்டோஷிகே. நாலு பெயரிலும் ‘மோட்டோ’ இருப்பது கண்ணில் படவில்லையா? ஸெயமி என்பது பின்னால் வந்த கலைப்பெயர். ‘அமி’ அமித புத்தரிடமிருந்து வந்தது. அப்பா கன்னமி, மகன் ஸெயமி, அந்தத் தம்பி மகன் ஒன்னமி. முதல் அசைகளைச் சேர்த்துச் சொல்லுங்கள்: கன், ஸெ, ஒன். கன்ஸெயோன், அதாவது போதிசத்துவர் அவலோகிதர். அகத்தியர் தமிழைக் கேட்டது அவலோகிதரிடம் என்று வீரசோழியம் சொல்கிறதே, அவரேதான். ‘மோட்டோகியோ’ என்று எழுதினால் நடு அசை உதிர்ந்துவிடுகிறது.

அந்த இசட் விஷயத்துக்கு வருகிறேன். ‘சங்கு’ என்னும்போது மெல்லினத்தை அடுத்த ககரம் குழைகிறதல்லவா? அதுபோல ‘கன்’னுக்குப் பின்னால் ‘ஸெ’ அதிர்ந்து ஒலிக்கும். தனியே வந்தால் அதே எழுத்தை அதிர்வில்லாமலும் படிக்கலாம். கன்ஸெயில் கேட்கும் அதிர்வுதான் சிறப்பு என்று சொல்லி, நாட்டை ஆண்ட படைத்தலைவரான ஷோகன் யோஷிமித்சு அவரை அந்த ஒலியோடே அழைத்தார். மோட்டோயோஷி 1430-இல் எழுதிவைத்த அப்பாவின் பேச்சில் இது இருக்கிறது. பன்னிரண்டு வயதளவில் அந்த ஷோகன் முன்னால் ஆடிய பிள்ளைக்கு அவர் கொடுத்த ஒலி அது. 1921-இல் நோ நாடகங்களை ஆங்கிலத்தில் தந்த ஆர்தர் வேலி எஸ் போட்டு எழுதியபோது அது போயிற்று. தமிழில் எழுதிக் காட்ட எழுத்தில்லை, வாயாலாவது சொல்லுங்கள்.

போன வாரம் பீரோவை ஒழித்தபோது பழைய ஆங்கிலத் தொகுப்பொன்று கிடைத்தது. உங்கள் கடிதம் மறுநாள் வந்தது. அதில் என் கவிதை இருக்கிறது. படிவத்தில் இனிஷியலை விரித்து எழுதச் சொன்னார்கள், எழுதினேன். புத்தகம் வந்தபோது முன்னுரை முழுக்க அப்பா பெயர். அவருடைய சொற்சிக்கனம், அவருடைய மௌனம் என்று ஒன்றரைப் பக்கம். தறியில் இருந்தவரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். வேட்டியில் கையைத் துடைத்துவிட்டு வாங்கினார். அவர் பெயர் எங்கே என்று விரல் வைத்துக் காட்டினேன். அவருக்குக் கையெழுத்து மட்டும்தான் போடத் தெரியும். கொஞ்ச நேரம் அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, “உன் பேரை எங்கடா காணோம்?” என்றார். அந்தக் குரலில் இருந்த பதற்றம் இன்னும் எனக்குப் போகவில்லை.

ஸெயமிக்கும் எழுபதைத் தாண்டி, 1434-இல், சாதோ தீவுக்கு நாடுகடத்தல். அங்கே 1436-இல் எழுதியதன் கீழே ஸென்போ என்று துறவுப்பெயரைத்தான் போட்டிருக்கிறார். உங்கள் ஆய்வேட்டில் அந்த இடத்திலும் ஸெயமி என்றே இருக்கட்டும்.

எல்லா மோட்டோகியோவையும் கணினியில் ஒரே தட்டில் மாற்றிவிடாதீர்கள் அம்மா. ஒவ்வொன்றாகப் போய், வாய்விட்டுச் சொல்லி மாற்றுங்கள். முடித்ததும் எனக்கு ஒரு பிரதி அனுப்புங்கள்.